பழைய சைக்கிளுக்குப் பிறந்த மலை சைக்கிள்

உடுமலைப்பேட்டையில் மொட்டை மாடி ஏறித் தெற்கே பார்த்தால் ஆனைமலைத் தொடர் தெரியும். மலையை இவ்வளவு பக்கத்தில் வைத்துக்கொண்டு வளர்கிறவர்களுக்கு 'மவுண்டன் பைக்' என்ற பெயரில் ஒரு மயக்கம் இருப்பதில் ஆச்சரியமில்லை. ஆனால் கல்லூரியில் படிக்கிறவர் கையில் இருக்கும் காசுக்குப் புது வண்டி எட்டாது. ஆகவே செகண்ட் ஹேண்ட்.

முதல்முறை வாங்கப் போகிறவர் கேட்கும் கேள்விகள் மூன்று. எத்தனை கியர்? ஷாக் இருக்கா? டிஸ்க் பிரேக்கா? விற்பவரும் இந்த மூன்றைத்தான் முதலில் சொல்வார். வேடிக்கை என்னவென்றால், உலகின் முதல் மவுண்டன் பைக்குகள் ஆரம்பத்தில் இந்த மூன்றும் இல்லாமல்தான் மலையில் ஓடின. இன்னொரு வேடிக்கை, அவை எல்லாமே செகண்ட் ஹேண்ட் வண்டிகள்! அந்தக் கதை தெரிந்தால் பழைய வண்டியில் எதை முதலில் பார்ப்பது என்பதும் தெரிந்துவிடும்.

ஐந்து டாலர் வண்டி

1930களில் அமெரிக்காவில் பெரும் பொருளாதார மந்தம். சிகாகோ நகரின் ஷ்வின் கம்பெனி 1933-ல் ஒரு புது மாதிரி டயரைக் கொண்டுவந்தது. விட்டம் 26 அங்குலம், அகலம் 2.125 அங்குலம். பெயர் 'பலூன் டயர்'. பையன்கள் மேடு பள்ளத்தில் போட்டு அடித்தாலும் தாங்க வேண்டும் என்பதால் ஃபிரேமும் கனமான இரும்பு. பிரேக் பின்சக்கர ஹப்புக்குள் இருக்கும், பெடலைப் பின்பக்கமாக மிதித்தால் பிடிக்கும். ஒரே ஒரு கியர்.

1970கள் வந்தபோது ஒல்லி டயரும் பத்து கியரும் கொண்ட ரேஸ் சைக்கிள்தான் நாகரிகம். பலூன் டயர் வண்டிகள் பழைய சாமான்களோடு சேர்ந்துவிட்டன. கலிஃபோர்னியாவின் மரின் பகுதியில் இருந்த சில இளைஞர்கள் அவற்றைத் தேடித்தேடி வாங்கினார்கள். அவர்களில் ஒருவரான ஜோ பிரீஸ் 1973-ல் ஒரு 1941 மாடல் ஷ்வின் வண்டியை வாங்கிய விலை 5 டாலர்.

வாங்கியதும் அவர்கள் செய்த முதல் வேலை கழற்றி எறிவது. மட்கார்ட், செயின் கவர், அலங்காரத் தகடுகள் எல்லாம் போய், ஃபிரேமும் சக்கரமும் மட்டும் மிஞ்சின. 1976 அக்டோபர் 21 அன்று ஃபேர்ஃபாக்ஸ் என்ற ஊருக்குப் பக்கத்து மலைப்பாதையில் பந்தயம் வைத்தார்கள். சுமார் 3 கிலோமீட்டரில் 400 மீட்டர் இறக்கம். கீழே வந்து சேர்வதற்குள் ஹப் பிரேக் சூடேறி உள்ளே இருக்கும் கிரீஸ் புகைந்து போய்விடும். மறுபடி ஏற வேண்டுமென்றால் ஹப்பைப் பிரித்து, துடைத்து, புது கிரீஸ் வைத்து அடைக்க வேண்டும். அப்படித் திரும்ப அடைப்பதற்கு ஆங்கிலத்தில் 'ரீபேக்'. பந்தயத்துக்கும் பாதைக்கும் அதுவே பெயராகிவிட்டது. நம் ஊர் சைக்கிள் கடையில் இதற்கு வேறு பெயர் உண்டு. 'ஓவராயில்'!

விலை ஏறிய கதை

பழைய ஃபிரேம்கள் எவ்வளவுதான் தாங்கும்? அடிக்கடி உடைந்தன. 1977-ல் ஜோ பிரீஸ் குரோம்-மாலி எஃகுக் குழாயில் மலைக்கென்றே ஒரு ஃபிரேம் கட்டினார். 'பிரீசர்' என்ற அந்த முதல் வண்டி இன்று அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1979-ல் கேரி ஃபிஷரும் சார்லி கெல்லியும் 'மவுண்டன்பைக்ஸ்' என்ற பெயரில் கம்பெனி தொடங்கினார்கள். டாம் ரிட்சி கட்டிக்கொடுத்த ஃபிரேமில் செய்த வண்டியின் விலை சுமார் 1,300 டாலர். 1981-ல் ஸ்பெஷலைஸ்டு கம்பெனி 'ஸ்டம்ப்ஜம்ப்பர்' வண்டியை 750 டாலருக்குக் கொண்டுவந்து மவுண்டன் பைக்கைச் சாதாரணக் கடைகளில் கிடைக்கச் செய்தது.

மற்றவை ஒவ்வொன்றாக வந்து ஒட்டிக்கொண்டன. கியரை ஏறுவதற்காக அந்த இளைஞர்களே 1970களின் நடுவில் மாட்ட ஆரம்பித்திருந்தார்கள். மலைக்கென்றே செய்த ஷிமானோவின் 'டியோர் எக்ஸ்.டி.' கியர் தொகுதி 1982-ல் வந்தது. 'ராக்ஷாக்ஸ்' முன்பக்க ஷாக் 1990 வாக்கில்தான். டிஸ்க் பிரேக் பரவலானது அதற்கும் பிறகு. 1996-ல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் மவுண்டன் பைக் போட்டி சேர்க்கப்பட்டது. 2023-ல் ஆசியச் சாம்பியன்ஷிப் பந்தயமே நமக்கு அதிக தூரமில்லாத பொன்முடி மலையில், திருவனந்தபுரம் மாவட்டத்தில் நடந்தது.

ஆக, வரலாற்றின் வரிசை இதுதான். முதலில் ஃபிரேம், பிறகு சக்கரம், பிறகு கிரீஸும் பிரேக்கும், பிறகு கியர். ஷாக் கடைசி.

நம் ஊருக்கு வந்தபோது

தமிழ்நாட்டில் இந்த வரிசை தலைகீழாக வந்தது. 1949-ல் முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸும் சேர்ந்து சென்னை அம்பத்தூருக்கு டி.ஐ. சைக்கிள்ஸைக் கொண்டுவந்தன. அதன் ஹெர்குலிஸும், பிறகு வந்த லூதியானாவின் ஹீரோவும் கிராமத்துச் சாலைகளை ஆண்டன. பால் கேனும் தேங்காய் மூட்டையும் ஏற்றிய வண்டிகள். அப்பா ஓட்டி, அண்ணன் ஓட்டி, தம்பிக்கு வரும். வீட்டில் சைக்கிள் இல்லாதவர் மணிக்கணக்கு வாடகைக்கு எடுத்துக் குரங்குப் பெடல் போட்டுப் பழகுவார். 'செகண்ட் ஹேண்ட்' என்று யாரும் தனியாகச் சொன்னதே இல்லை. எல்லாமே அப்படித்தான்.

பழகுகிறவர் தனக்கென்று செய்த வண்டிக்குக் காத்திருக்கவில்லை என்பதற்குப் பெரிய சாட்சி புதுக்கோட்டை. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின்போது ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். லேடீஸ் சைக்கிள் போதாமல் போனபோது பார் வைத்த ஜென்ட்ஸ் சைக்கிளையே எடுத்து ஓட்டினார்கள்.

அதே 1990களில் நேர் ஹேண்டில்பாரும் தடித்த டயருமாக 'எம்.டி.பி.' ஸ்டிக்கர் ஒட்டிய வண்டிகள் நம் தெருக்களில் ஓட ஆரம்பித்தன. பலவற்றில் கியர் கிடையாது. தோற்றம்தான் மலை, வேலை பள்ளிக்கூடம் போய்வருவது. அடுத்து முன்னும் பின்னும் ஷாக் வைத்த மலிவு வண்டிகள் வந்தன. பார்க்க ஜோர். ஆனால் 18 கிலோவைத் தாண்டும் எடை. மிதிக்கிற பலத்தில் ஒரு பங்கை ஸ்பிரிங்கே சாப்பிட்டுவிடும். இன்று பழைய வண்டிச் சந்தையில் இந்த ரகம்தான் தாராளமாகக் கிடைக்கிறது. வாங்கிய கொஞ்ச நாளில் மூலையில் சாத்தப்படுவதும் இதுதான்.

வரலாற்றின் வரிசையில் பார்த்தால்

முதலில் ஃபிரேம். ஹேண்டில் கீழே இரண்டு குழாய் சேரும் இடத்தையும், மற்ற வெல்டிங்குகளையும் துணியால் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். பெயின்ட் சுருங்கியிருந்தால் வண்டி எங்கோ மோதியிருக்கிறது. மயிரிழை விரிசல் இருந்தால் வண்டி வேண்டவே வேண்டாம். அளவும் முக்கியம். வண்டிக்கு இருபுறமும் கால் ஊன்றி நின்றால் பார் இடிக்கக் கூடாது. மற்ற எதையும் மாற்றலாம், ஃபிரேமை மாற்ற முடியாது.

இரண்டாவது சக்கரம். சுழலவிட்டு பிரேக் கட்டைக்குப் பக்கத்தில் ரிம் ஆடுகிறதா என்று பார்க்க வேண்டும். சின்னக் கோட்டம் என்றால் போக்ஸ் கம்பியை முறுக்கி எடுத்துவிடலாம். ரிம் நெளிந்திருந்தால் செலவு. இங்கே ஒரு பொறி இருக்கிறது. 26 என்று போட்ட டயரெல்லாம் ஒன்றல்ல! 26 x 1.95, 26 x 2.10 என்று புள்ளி வைத்தவை 1933-ன் பலூன் டயர் வம்சம். ரிம் விட்டம் 559 மில்லிமீட்டர். 26 x 1 3/8 என்று பின்னத்தில் போட்டவை 590. ஒன்று மற்றதில் ஏறாது. டயரின் பக்கவாட்டில் இந்த மூன்று இலக்க எண் அச்சாகியிருக்கும். புது வண்டிகளில் வரும் 27.5-க்கு அது 584, 29-க்கு 622.

மூன்றாவது ரீபேக், அதாவது ஓவராயில். சக்கரத்தையும் பெடல் கிராங்கையும் பக்கவாட்டில் ஆட்டிப் பார்க்க வேண்டும். லொடலொடவென்று ஆடினாலோ, கையால் சுற்றும்போது மணல் அரைப்பது போல இருந்தாலோ கிரீஸ் காய்ந்து பால்ஸ் தேய்ந்திருக்கிறது. இது சரிசெய்யக்கூடிய குறைதான். விலை பேச உதவும்.

கியரும் ஷாக்கும் அதற்குப் பிறகு. 21 கியர் இருப்பதைவிட இருக்கிற கியர் ஒழுங்காக விழுவது முக்கியம். உடுமலையிலிருந்து திருமூர்த்தி மலைக்குச் சுமார் 20 கிலோமீட்டர் தார்ச் சாலை. வாய்க்கால் கரை மண்பாதைக்கும் ஷாக் அவசியமில்லை. மலைக்காடோ ஆனைமலை புலிகள் காப்பகம். வனத்துறை அனுமதியில்லாமல் சாலையை விட்டு உள்ளே இறங்கவே முடியாது. ஆனால் ஜூன் முதல் செப்டம்பர் வரை பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும்போது பொள்ளாச்சிப் பக்கம் மிதிக்கிறவருக்கு ஒரு லேசான கியர் நிச்சயம் வேண்டும். இங்கே ஏற்றம் என்றால் பாதி நேரம் காற்றுதான்!

இன்னும் ஒன்று. ஒரு காலத்தில் சைக்கிளுக்குப் பஞ்சாயத்திலும் நகராட்சியிலும் வரி கட்டி வில்லை வாங்கி மாட்ட வேண்டியிருந்தது. இன்று பைக்குக்கு இருப்பது போல ஆர்.சி. புத்தகம் சைக்கிளுக்கு இல்லை. பெரும்பாலும் ஃபிரேமின் அடியில் பெடல் அச்சுக்குக் கீழே குத்தியிருக்கும் எண்தான் ஒரே அடையாளம். அந்த எண் சுரண்டப்பட்டிருந்தால் விலகிவிடுவது நல்லது. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, சந்தேகப்படக் காரணம் இருந்தோ வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-வது பிரிவின்படி குற்றம். பழைய பில் இருந்தால் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

கடைசியாகக் கணக்கு

காமர்ஸ் படிப்பவர்களுக்கு இது பழகிய கணக்கு. பழைய இயந்திரம் ஒன்றை வாங்கி, அதை ஓடவைக்கச் செய்யும் பழுதுச் செலவு இயந்திரத்தின் விலையோடு சேரும் முதலினச் செலவு. பரீட்சையில் சரியாக எழுதுகிறவர்கள் சைக்கிள் வாங்கும்போது மறந்துவிடுகிறார்கள். விற்பவர் சொல்லும் விலை வண்டியின் விலை அல்ல. அதோடு ஓவராயில், இரண்டு டயர், பிரேக் கட்டை, செயின் எல்லாம் சேர்ந்ததுதான் விலை. வண்டி பார்க்கப் போகும் முன் சைக்கிள் கடையில் இவற்றின் விலையைக் கேட்டுக் குறித்துக்கொண்டால் பேரம் தானாக நியாயமாகிவிடும். முடிந்தால் கடைக்காரரையே கையோடு கூட்டிப்போவது இன்னும் நல்லது.

தேய்மானம் புதிதாக வாங்கியவர் தலையில்தான் அதிகம் விழுகிறது. அவர் ஷாக்குக்கும் ஸ்டிக்கருக்கும் கொடுத்த காசு முதலில் கரைந்துவிடும். நல்ல ஃபிரேம் மட்டும் அப்படியே இருக்கும். மரின் இளைஞர்கள் 5 டாலருக்கு வாங்கியது அதைத்தான். உடுமலையில் பழைய வண்டி தேடுகிறவரும் அதைத்தான் வாங்க வேண்டும்.