மரக்காலும் துணையும்

மரக்கால் கட்டியவர் சும்மா நிற்க முடியாது. கால் மாற்றிக்கொண்டே இருந்தாக வேண்டும். சிலப்பதிகாரத்தின் பதினோராடலில் மரக்காலாடல் துர்க்கையுடையது. பாம்பும் தேளுமாய் வந்த அவுணரை மிதித்தழித்த ஆட்டம், தனியாட்டம். மராட்டியர் ஆண்ட தஞ்சையில் (1676–1855) வளர்ந்ததாகச் சொல்லப்படும் பொய்க்கால் குதிரையிலோ ராஜா, ராணி என்று இரண்டு பேர். இரண்டுக்கும் நேர்க்கோடு இழுக்கும் உத்தேசம் எனக்கில்லை. வித்தியாசம்தான் முக்கியம். முன்னதில் எதிரில் இருப்பது மிதிபட வேண்டியது. பின்னதில் விழுந்துவிடக் கூடாதது.

சோழபுரத்தில் ஒரு கோவில் கொடையில் ராணி தடுமாறினாள். இடுப்பைச் சுற்றிய குதிரைக் கூடு குறுக்கே நிற்க, கை கொடுக்க வழியில்லை. ராஜா தன் சுற்றைக் குறுக்கி, தவிலின் அடி தப்பாமல் அவளுக்கு இடம் விட்டார். அவள் நிமிர்ந்து சுழன்றாள். கூட்டம் ராணிக்குக் கை தட்டியது. அன்று நானும்தான்.