178 பேரின் ஒப்புதல்: கீழூர் வாக்கெடுப்பு குறித்த ஒரு மறுவாசிப்பு

1954 அக்டோபர் 18 அன்று, பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிப் பகுதிகளின் எதிர்காலம் குறித்துக் கீழூரில் வாக்களித்தவர்கள், பிரதிநிதித்துவ சபை உறுப்பினர்களும் நகராட்சி மன்றத்தாருமாக 178 பேர். இந்தியாவுடன் இணைவதற்கு ஆதரவாக 170 வாக்குகளும் எதிராக 8 வாக்குகளும் விழுந்தன. இந்த எண்களை ஆய்வாளர்கள் இரு வகையாக வாசித்து வந்திருக்கின்றனர். 95 விழுக்காட்டைத் தாண்டிய மக்கள் தீர்ப்பு என்பது ஒரு சாராரின் முடிவு. மூன்று லட்சத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்த பகுதியில் 178 பேர் மட்டும் வாக்களித்தது வெறும் சடங்கு என்பது மறு சாராரின் முடிவு. முடிவுகள் முரண்பட்டாலும் அளவுகோல் ஒன்றுதான்: எத்தனை பேர் வந்து வாக்களித்தனர்? கீழூரை அளக்க அந்த அளவுகோல் உதவாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

சடங்கு என்போர் மற்றொரு பிரெஞ்சுப் பகுதியான சந்திரநாகூரைச் சான்று காட்டுவர். 1949 ஜூன் 19 அன்று அங்கே மக்களே நேரடியாக வாக்களித்தனர். இணைப்புக்கு ஆதரவாக 7,473 பேர், எதிராக 114 பேர். அந்த உரிமை புதுச்சேரி மக்களுக்குக் கிட்டவில்லை என்பது உண்மைதான். ஆயினும், கடைசி நேரத்தில் மக்களைத் தவிர்க்கக் கண்டுபிடித்த உபாயமே கீழூர் என்ற முடிவுக்கு அது இட்டுச் செல்லாது. மக்கள் தங்கள் எதிர்காலத்தைத் தாங்களே முடிவு செய்யலாம் என்று 1948 ஜூனில் பிரான்சு ஏற்றபோதே, வாக்கெடுப்பின் நாளையும் முறையையும் வகுக்கும் பொறுப்பு தேர்ந்தெடுக்கப்பட்ட நகராட்சி மன்றங்களிடம் விடப்பட்டது. கொம்யூன் (நகராட்சி) மன்ற உறுப்பினர் மக்களின் வாயாக நிற்பார் என்ற ஏற்பாடு கீழூருக்கு ஆறு ஆண்டுகள் மூத்தது.

குறை இருந்தது வேறிடத்தில். அந்த உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்த தேர்தல்களின் தரம் ஐயத்துக்குரியது. சுதந்திரமான வாக்கெடுப்புக்கு உகந்த சூழல் இல்லை என்றுதான் 1951இல் வந்த நடுநிலைப் பார்வையாளர்கள் கண்டனர். பிரெஞ்சு ஆட்சியின் தூணாகக் கருதப்பட்ட எதுவார் குபேர் 1954 மார்ச்சில் இணைப்பின் பக்கம் வந்ததையும், கொம்யூன் மேயர்கள் அவ்வாறே திரும்பியதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். 170 என்ற எண்ணில் மக்களின் விருப்பம் எவ்வளவு, தலைவர்களின் திருப்பம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எண்ணால் இயலாது. இதை ஒப்புக்கொண்டால் கீழூரின் மதிப்பு சரிந்துவிடும் என்ற அச்சம் தேவையற்றது. வாக்காளர், உறுப்பினர், ஒப்புதல் என்ற சங்கிலியில் பலவீனமாக இருந்தது முதல் கண்ணி. கீழூர் கடைசிக் கண்ணி.

இந்த வாசிப்பு வரலாற்றுக்கு மட்டும் உரியதன்று. 1956 மே 28 அன்று இந்தியாவுக்கும் பிரான்சுக்கும் இடையே கையெழுத்தான ஒப்படைப்பு உடன்படிக்கையின் இரண்டாம் பிரிவு, இப்பகுதிகளின் தனி நிர்வாக நிலையில் அரசமைப்பு சார்ந்த மாற்றம் செய்வதானால் மக்களின் விருப்பத்தை அறிந்த பின்னரே செய்ய வேண்டும் என்கிறது. எப்படி அறிவது என்று அது சொல்லவில்லை. இந்த மௌனத்தைக் கவனக்குறைவு என்று கருதுவோர் உண்டு. என் கணிப்பு வேறு. வரைவாளர்கள் முன் இரண்டே ஆண்டுகளுக்கு முந்தைய நடைமுறை ஒன்று இருந்தது. சம்பந்தப்பட்ட மக்களின் ஒப்புதலின்றி நிலப்பகுதியை விட்டுக்கொடுக்க முடியாது என்ற 1946ஆம் ஆண்டுப் பிரெஞ்சு அரசமைப்பின் 27ஆம் பிரிவுக்கு விடையாக அமைந்தது அந்த நடைமுறைதான். அறியும் வழி தெரிந்திருந்ததால் அதை எழுதத் தேவை எழவில்லை எனலாம். நீதிமன்றம் இதை வேறுவிதமாகப் பொருள்கொள்ளக்கூடும். ஆனால் கையில் உள்ள முன்னுதாரணம் கீழூர் ஒன்றே.

அத்தகைய மாற்றம் குறித்த மக்கள் விருப்பத்தை இன்று சட்டப்பேரவையே சொல்லிவிடலாம் என்ற மறுப்பு நிற்காது. 1954லும் பிரதிநிதித்துவ சபை ஒன்று இருந்தது. அது மட்டும் போதும் என்று அன்று யாரும் கருதவில்லை. நகராட்சி மன்றத்தாரும் உடன் அழைக்கப்பட்டனர். சபை அரசாங்கத்துக்கு அருகில் இருப்பது. கொம்யூன் மன்றம் தெருவுக்கு அருகில் இருப்பது. இரண்டையும் சேர்த்துக் கேட்டால்தான் அது ஒப்புதல் என்ற எண்ணம் அந்த அழைப்பிலேயே தெரிகிறது. 1962 ஆகஸ்டு 16 அன்று ஆட்சியுரிமை சட்டப்படி இந்தியாவுக்கு மாறியதால் எல்லாம் முடிந்துவிட்டது என்ற வாதமும் இங்கே பொருந்தாது; அந்த உரிமை மாறியதை யாரும் கேள்விக்கு உட்படுத்தவில்லை, கேள்வி இனி வரக்கூடிய நிர்வாக நிலை மாற்றம் பற்றியது.

அப்படிக் கேட்பதற்குக் கொம்யூன் மன்றங்கள் இன்று இருக்கின்றனவா? புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் 1968க்குப் பிறகு 2006இல்தான் நடந்தது. அந்த மன்றங்களின் பதவிக்காலம் 2011இல் முடிந்தது. 2021இல் அறிவிக்கப்பட்ட தேர்தல் வழக்கில் நின்றுபோனது. 5 நகராட்சிகளும் 10 கொம்யூன் பஞ்சாயத்துகளும் அதிகாரிகளின் பொறுப்பில் உள்ளன. 2021 சட்டப்பேரவைத் தேர்தலில் வாக்குப்பதிவு 80 விழுக்காட்டைத் தாண்டியதைக் காட்டி நாம் பெருமைப்படுகிறோம். குறைந்த வாக்குப்பதிவு கவலைக்குரியது என்றால், வாக்குச்சாவடியே திறக்கப்படாத தேர்தலை என்னவென்பது? அதன் விழுக்காடு எந்தப் புள்ளிவிவரத்திலும் ஏறுவதில்லை.

கீழூர் முறைப்படி இன்று மக்கள் விருப்பத்தைக் கேட்க நேர்ந்தால், தேர்ந்தெடுக்கப்பட்ட சட்டப்பேரவை உறுப்பினர்கள் 30 பேர் வருவார்கள். கொம்யூன்களிலிருந்து வருவதற்கு ஒருவரும் இல்லை. 1954இல் பலவீனமாக இருந்த முதல் கண்ணி இன்று அறவே அறுந்து கிடக்கிறது. 178 பேர் போதுமா என்று வாதிடும் நமக்கு, அந்த நாற்காலிகளில் பெரும்பாலானவை இன்று காலியாக இருப்பது முதல் கவலையாக இருக்க வேண்டும்.