நுங்கம்பாக்கத்தில் கிடைத்த ஆசியா

போன ஞாயிறு ஜந்தர் மந்தர் பார்த்துவிட்டு ஆர்.கே.புரம் திரும்பும்போது என் மகள் கேட்டாள்: "அப்பா, நம்ம மெட்ராஸ்ல இந்த மாதிரி ஏதாவது இருக்கா?" டில்லியிலேயே பிறந்து வளர்ந்தவள். பீச்சையும் இட்லியையும் சொல்லித் தப்பிக்க முடியாது. இருக்கிறதே!

நுங்கம்பாக்கத்தில் 1792-இல் கிழக்கிந்தியக் கம்பெனி ஒரு வானாய்வுக் கூடம் கட்டியது. 1861-இல் அதன் பொறுப்பை ஏற்று வந்தவர் நார்மன் போக்சன். அதே வருடம் ஏப்ரல் 17 அன்று அங்கிருந்து ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சுற்றும் சிறுகோள்களில் அதன் வரிசை எண் 67. ஆசியாக் கண்டத்திலிருந்து கண்டுபிடித்த முதல் சிறுகோள் என்பதால் 'ஆசியா' என்றே பெயர் வைத்தார்.

எப்படிக் கண்டுபிடித்தார்? எங்கள் பாங்க் பாஷையில் சொன்னால், டேலி பார்க்கும் வேலைதான். தொலைநோக்கியில் சிறுகோளும் நட்சத்திரம் போல வெறும் புள்ளி. வான வரைபடத்தோடு ஒப்பிட்டு, கணக்கில் வராத புள்ளியைத் தேட வேண்டும். அடுத்தடுத்த இரவுகளில் அது இடம் மாறினால் சிறுகோள். சிறுகோள் வேட்டைக்கு போட்டோ வராத காலம். கண்ணும் பொறுமையும்தான் முதலீடு.

ஆசியாவின் குறுக்களவு சுமார் 60 கிலோமீட்டர்; சென்னையிலிருந்து காஞ்சிபுரம் போகும் தூரத்தைவிடக் கொஞ்சம் குறைவு. சூரியனைச் சுற்ற ஏறக்குறைய மூன்றே முக்கால் வருடம். அதற்குள் செவ்வாய் இரண்டு சுற்று முடித்துவிடும். தன்னைத்தானே சுற்றிக்கொள்ள சுமார் 16 மணி நேரம். 1866-இல் போக்சன் சென்னையில் கண்டுபிடித்த இன்னொரு சிறுகோள் சில்வியா. அதற்கு இரண்டு நிலாக்கள் இருப்பது 2005-இல் உலகுக்குத் தெரிந்தது.

அந்தக் கூடத்தில் போக்சனுக்கு உதவியாளராக இருந்தவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. 1867-இல் ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தவர். பஞ்சாங்கமும் தெரியும், தொலைநோக்கியும் தெரியும்.

1899-இல் வானாய்வு கொடைக்கானலுக்குப் போய்விட்டது. நுங்கம்பாக்கத்தில் இப்போது வானிலை மையம். ஆனால் பழைய கருவியைத் தாங்கிய கருங்கல் தூண் இன்னும் அங்கே நிற்கிறது. கணித விஞ்ஞானத்தை ஆசியாவில் முதலில் நட்டதே ஆங்கிலேயர்தான் என்று அதில் பொறித்து வைத்திருக்கிறார்கள், தமிழிலும்கூட!

1724-இல் எழுந்த ஜந்தர் மந்தரைப் பார்த்துவிட்டு வந்தவளிடம் இதைச் சொன்னேன். "அப்போ அந்தக் கல்லு பொய் சொல்லுதாப்பா?" என்றாள்.

கல் பாதிக் கணக்குதான் எழுதியிருக்கிறது, கண்ணா. மீதியை நாம்தான் எழுத வேண்டும்.