அண்ட் வாட் இஸ் தி சம்மர் சேயிங் (2018)

பாயல் கபாடியா இயக்கிய, 23 நிமிடம் ஓடும் மராத்திக் குறும்படம். 2018 பெர்லின் திரைப்பட விழாவின் குறும்படப் பிரிவில் திரையிடப்பட்டது. ஆவணப்படம் என்பார்கள், ஆனால் கனவின் பக்கமே அதிகம் சாயும்.

மகாராஷ்டிரத்தில் காட்டை ஒட்டிய ஒரு சிற்றூர். தந்தையிடம் காட்டுத் தொழில் கற்ற நாம்தேவ், தேன்கூடு தேடி மர உச்சிகளை அண்ணாந்து பார்க்கிறார். மதியம் ஊர்மேல் கவிகிறது. கைநழுவிய காதலைப் பெண்கள் கிசுகிசுக்கிறார்கள். குரல் மட்டும்தான், முகமே காட்டுவதில்லை. யாரென்று தெரியாததால்தானே இவ்வளவு மனம்விட்டுப் பேச முடிகிறது! தரையிலிருந்து புகை எழுகிறது, காரணம் சொல்லப்படுவதில்லை. கதை தேடுவோர் பொறுமை இழக்கக்கூடும்.

முந்தைய குறும்படமான ‘ஆஃப்டர்நூன் கிளவுட்ஸ்’ 2017இல் கான் விழாவின் மாணவர் படப் பிரிவில் இடம்பெற்றது. கைம்பெண் ஒருவரும் அவர் வீட்டுப் பணிப்பெண்ணும் கழிக்கும் ஒரு பிற்பகலே அதன் களம். கபாடியாவின் ‘ஆல் வி இமேஜின் ஆஸ் லைட்’ 2024இல் கானில் கிராண்ட் பிரி விருது பெற்றது.