தசபுரத்து நெசவாளர் எழுப்பிய ஞாயிற்றுக் கோயில்

ஊரொன்றின் பழைய கைத்தொழிலைச் சுவரிலே சித்திரமாகத் தீட்டி, வருவோர் போவோர் அனைவரும் காணுமாறு வைக்கும் வழக்கம் இந்நாளிலே பல தேசங்களிற் பரவி வருகின்றது. தறியும் நூலும் ஆடையும் அச்சித்திரங்களில் இடம்பெறக் காண்கிறோம். இஃது இக்காலப் புதுமை என எண்ணுவாரும் உளர். ஆயின், ஏறக்குறைய ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே பாரத நாட்டுப் பட்டு நெசவாளர் கூட்டமொன்று, தான் ஈட்டிய பொருளைக் கொண்டு கோயில் எழுப்பித் தன் வரலாற்றையும் தொழிற் பெருமையையும் கல்லிலே பொறித்து வைத்தது. அவ்வரலாற்றை இங்கே சிறிது நோக்குவோம்.

இன்றைய மத்தியப் பிரதேசத்தின் வடமேற்கிலே, சிவனா ஆற்றங்கரையில் மண்டசோர் என்னும் நகர் உள்ளது. இதன் பழம்பெயர் தசபுரம். காளிதாசர் தமது மேகதூதத்திலே முகில் செல்லும் வழியில் வைத்துப் பாடிய தசபுரம் இதுவே. இந்நகரின் ஆற்றுப் படித்துறையிற் கிடைத்த வடமொழிச் சாசனமொன்றைப் பிளீட் என்னும் அறிஞர் 1888ஆம் ஆண்டிலே குப்தர் சாசனத் தொகுதியிற் பதிப்பித்தார். அதனாலேயே நெசவாளர் கதை உலகறிய வெளிவந்தது.

இந்நெசவாளரின் தாயகம் தென் கூர்ச்சரத்தைச் சேர்ந்த இலாட தேசம். தசபுரத்து அரசரின் நற்குணங்களைக் கேள்வியுற்று, முதலில் மனத்தினாலும், பின்னர் மக்களோடும் சுற்றத்தோடும் உடலினாலும் அவர்கள் அங்கு வந்தனர் எனச் சாசனம் கூறுகின்றது. வழித்துன்பத்தை அவர்கள் பொருட்படுத்தவில்லையாம். பிறந்த மண்ணை விட்டுப் பெயர்வார் எவரும் முன்னரே உள்ளத்தாற் புறப்பட்டு விடுகின்றனர் என்பதை எத்துணை நுட்பமாக உணர்த்திவிட்டார் இப்புலவர்!

வந்த இடத்திலே அனைவரும் தறியையே பற்றி நிற்கவில்லை. சிலர் வில்வித்தை பயின்றனர். சிலர் கதை சொல்வதில் வல்லவராயினர். சிலர் சோதிடம் கற்றனர். சிலர் போரிலே திறங்காட்டினர். சிலர் தவநெறியை நாடினர். ஏனையோர் தம் குலத்தொழிலாகிய நெசவிலே சிறந்து விளங்கினர். எத்தொழிலை மேற்கொண்ட போதும் இவர்களைச் சாசனம் ஒரே கூட்டமாகவே போற்றுகின்றது. தொழில் மாறினாரை அக்கூட்டம் தள்ளிவிடவில்லை என்பது நாம் சிந்தித்தற்குரியது.

குமாரகுப்தன் பேரரசனாகவும், விசுவவர்மன் மகனாகிய பந்துவர்மன் தசபுரத்து அரசனாகவும் விளங்கிய காலத்திலே, மாளவ ஆண்டு 493இல், அதாவது கி. பி. 436ஐ ஒட்டி, இக்கூட்டத்தார் சூரிய பகவானுக்குக் கோயில் அமைத்துப் பிரதிட்டை செய்தனர். மார்கழியை அடுத்த பனிக்காலம் அது. உயர்ந்த சிகரங்களோடு நிலவொளி போல வெண்ணிறமாய்த் திகழ்ந்த அக்கோயில், நகரின் மேற்குப் பகுதிக்குச் சூடாமணி போன்றிருந்ததாம். அந்நகரத்து மாளிகைகள் இசையொலி நிறைந்தும் சித்திரங்கள் தீட்டப்பெற்றும் இருந்தன என்பதும் சாசனத்தால் அறியக் கிடக்கின்றது. சித்திரங்களும் மாளிகைகளும் மறைந்தன. அவற்றைச் சொன்ன கல் நின்றது.

நெசவாளர் தம் தொழிலைப் புகழ்ந்துகொள்ளவும் மறக்கவில்லை. எவ்வளவு அணிகளைப் பூண்டாலும் பட்டாடை உடுத்த பின்னரே மங்கையின் கோலம் நிறைவுறும் என்னும் கருத்து அங்கே அழகாக அமைந்துள்ளது. கோயிற் சாசனத்துள்ளே சரக்கிற்கு விளம்பரமோ என்று முறுவலிக்கத் தோன்றும். தம் கைத்திறனில் நம்பிக்கையுடையார் அதனை இறைவன் முன்னிலையிற் சொல்ல ஏன் நாணவேண்டும்?

காலப்போக்கிலே அரசர் பலர் வந்து போயினர். கோயிலின் ஒரு பகுதி சிதைந்தது. காரணம் படையெடுப்பா, இயற்கையா என்பது பற்றி ஆராய்ச்சியாளர் கருத்து வேறுபடுவர். மாளவ ஆண்டு 529இல், அதாவது கி. பி. 473ஐ ஒட்டி, இளவேனிற் காலத்திலே அதே கூட்டத்தார் கோயிலைப் புதுப்பித்தனர். இத்திருப்பணியைக் கூறுமிடத்தில் ஆளும் அரசன் எவனுடைய பெயரும் இல்லை. எழுப்பிய கைகளே, அல்லது அவர்தம் மக்களின் கைகளே, மீண்டும் செப்பனிட்டன. அப்போதுதான் வத்சபட்டி என்னும் புலவர் இச்சாசனத்தை முயன்று பாடினார். இவர் காளிதாசரை நன்கு கற்றவர் என்பது அறிஞர் பலரின் துணிபு. ஆதலின் காளிதாசரின் காலத்தை வரையறுப்பதற்கும் இக்கல் துணைபுரிகின்றது.

மதுரை முதலிய இடங்களில் வாழும் சௌராட்டிரப் பட்டுநூற்காரரின் முன்னோர் வரலாற்றைக் கூறுவோரும் இச்சாசனத்தை எடுத்துக் காட்டுவதுண்டு. இரண்டுக்கும் நேரான தொடர்பு ஐயமின்றி நிறுவப்பட்டது எனச் சொல்லுதல் இயலாது. ஆயினும், தொலைநாட்டிற் குடியேறிய நெசவாளர் தம் பழமையைத் தேடி ஒரு கல்லை நோக்குவது நம் நெஞ்சைத் தொடுகின்றது.

ஒரு குறையும் இங்கே உண்டு. பேரரசன் பெயர் தெரிகின்றது. சிற்றரசன் பெயர் தெரிகின்றது. பாடியவர் பெயரும் தெரிகின்றது. தறியிலிருந்து பட்டு நெய்தவருள் ஒருவரது பெயரேனும் தெரியவில்லை. பொருள் கொடுத்தவர் அவர்களே. தம்மைக் கூட்டமாக மட்டுமே பொறித்துக்கொண்டனர். அது பணிவாகவும் இருக்கலாம். ஒற்றுமையின் பெருமிதமாகவும் இருக்கலாம்.

அன்பர்களே! நம் ஊர்களிலும் நெய்தவர், சாயம் தோய்த்தவர், கொல்லர், தச்சர் எனப் பலர் வாழ்ந்தனர், வாழ்கின்றனர். அவர்தம் தொழில் நுட்பங்களையும் பெயர்களையும் முதியோரிடம் கேட்டு எழுதிவைத்தல் இளைஞராகிய நமது கடன். சுவரிற் சித்திரம் தீட்டுவோமாயின் அதுவும் நன்றே; அதன் அடியிலே தொழிலாளர் பெயர்களையும் எழுதுவோம். தசபுரத்தார் விட்ட குறையை நாமேனும் நிறைவு செய்வோமாக.