பல்கலைக்கழக நூலகமும் மானுடப்புல ஆய்வும்

இலக்கியம், வரலாறு, மெய்யியல், சமயம், மொழியியல், நுண்கலை ஆகிய மானுடப்புலத் துறைகளில் ஆய்வு செய்வோர் முதலில் நாடும் இடம் பல்கலைக்கழக நூலகம். அறிவியல் துறைகளில் இருபது ஆண்டு பழைய கட்டுரை பெரும்பாலும் காலாவதியாகிவிடும். மானுடப்புலத்தில் அப்படியில்லை. உ. வே. சாமிநாதையர் 1894இல் வெளியிட்ட புறநானூற்றுப் பதிப்பு இன்றைய ஆய்வாளருக்கும் முதன்மைச் சான்று. ஆகவே இவ்வாய்வில் நூலகத்தின் புதிய வரவைக் காட்டிலும் அதன் பழைய இருப்பும், அந்த இருப்பு எந்த ஒழுங்கில் அடுக்கப்பட்டிருக்கிறது என்பதுமே முக்கியம். அந்த ஒழுங்கை அறியாமல் நூலகத்தில் எத்தனை நாள் உட்கார்ந்தாலும் பயன் குறைவு. நூல்களை ஒழுங்குசெய்வது பற்றி உலகம் ஏற்ற ஒரு சிந்தனை சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தில் உருவாயிற்று என்பதால், அந்நூலகத்தை முன்வைத்தே இப்பொருள் இங்கே விளக்கப்படுகிறது.

தோற்றம்

சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் நிறுவப்பட்டது. தொடக்கத்தில் அது தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் அமைப்பாகவே இருந்ததால் நூலகத்தின் தேவையைப் பெரிதாக உணரவில்லை. பின்னர் சேர்ந்த நூல்கள் எழும்பூரில் 1896இல் திறக்கப்பட்ட கன்னிமாரா பொது நூலகத்தில் நெடுங்காலம் வைக்கப்பட்டிருந்தன. கடற்கரைச் சாலையில் இன்றுள்ள சேப்பாக்கம் வளாகக் கட்டடத்துக்கு 1936இல் நூலகம் இடம்பெயர்ந்தது.

இதற்கிடையே, 1924 ஜனவரியில், பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகச் சீ. இரா. அரங்கநாதன் பொறுப்பேற்றார். சீர்காழியில் 1892இல் பிறந்தவர்; மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். வாசகர் நடமாட்டம் குறைந்த நூலகத்தில் வேலையின்றி உட்கார்ந்திருப்பது அவருக்குப் பொருந்தவில்லை. மீண்டும் கற்பிக்கவே போக அனுமதி கேட்டார். இலண்டன் சென்று நூலகப் பயிற்சி பெற்று வந்த பிறகும் அதே எண்ணம் இருந்தால் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பி வைத்தார்கள். இலண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியில் பெர்விக் சேயர்ஸிடம் பகுப்பியல் பயின்றார். 1925இல் திரும்பியவர் அதன்பின் கணித வகுப்பறையைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அவர் செய்த முதல் காரியங்களில் ஒன்று அடுக்குகளைத் திறந்துவிட்டது. அதுவரை வாசகர் சீட்டில் எழுதிக் கொடுக்க, பணியாளர் உள்ளே போய் நூலை எடுத்து வருவார். எந்த நூல் வேண்டும் என்று முன்பே அறிந்தவருக்கு மட்டுமே அந்த ஏற்பாடு உதவும். ஆய்வாளரோ இருப்பதே தெரியாத நூலைத் தேடி வருபவர். அவரை அடுக்குக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தியது தமிழக ஆய்வுலகுக்குக் கிடைத்த பெரும் பேறு. நூலகத்தின் ஐந்து விதிகளை 1931இல் அவர் நூலாக வெளியிட்டபோது, முதல் விதி நூல்கள் பயன்படுவதற்கே என்பதாக அமைந்தது.

கோலன் பகுப்பு முறை

அமெரிக்கரான மெல்வில் டூயி 1876இல் வெளியிட்ட பதின்மப் பகுப்பு அப்போது உலகெங்கும் பரவியிருந்தது. அதில் சமயத்துக்குரிய எண்களில் 220 முதல் 289 வரை கிறித்துவத்துக்கே போயிற்று; ஏனைய சமயங்கள் அனைத்தும் 290களுக்குள் ஒடுங்கின. இந்து சமயம் 294.5 ஆயிற்று. ஆங்கில இலக்கியத்துக்கு 820 என்ற முழு எண் கிடைத்தது. தமிழ் இலக்கியமோ பிற மொழிகளுக்கான 890களில், 894.811 என்ற மூலையில் வைக்கப்பட்டது. இது எண் நீளத்தைப் பற்றிய குறை மட்டுமன்று. தமிழ்நூல் மிகுந்த நூலகத்தில் இந்த ஏற்பாடு பெருந்தொகை நூல்களை ஒரே எண்ணின் கீழ் குவித்துவிடும்.

இலண்டன் செல்ஃப்ரிட்ஜஸ் கடையில் மெக்கானோ விளையாட்டுப் பொருளைப் பார்த்தபோது அரங்கநாதனுக்கு மாற்று வழி தோன்றியது. சில பட்டைகளையும் திருகாணிகளையும் மாற்றி மாற்றிப் பூட்டினால் விதவிதமான பொருள்கள் உருவாகின்றன. நூலின் பொருளையும் அவ்வாறே கூறுகளாகப் பிரித்து, தேவைக்கேற்பக் கோத்துக்கொள்ளலாம். கூறுகளைக் கோக்க அவர் முதலில் பயன்படுத்திய குறி முக்காற்புள்ளி (காற்புள்ளி பின்னர் சேர்ந்தது). அதன் ஆங்கிலப் பெயராலேயே முறையும் வழங்கலாயிற்று. முதல் பதிப்பு 1933இல் சென்னையில் வெளிவந்தது. பட்டியல் விதிகளின் தொகுப்பு அடுத்த ஆண்டே வந்தது.

இம்முறையில் ஒவ்வொரு பெருந்துறைக்கும் ஒரு ரோமன் எழுத்து. என் நுண்கலை, ஓ இலக்கியம், பி மொழியியல், க்யூ சமயம், ஆர் மெய்யியல், வி வரலாறு, இசட் சட்டம். இலக்கியத்தை எடுத்துக்கொண்டால் மொழி, வடிவம், ஆசிரியர், படைப்பு என நான்கு கூறுகள். தமிழுக்கு 31. கவிதைக்கு 1, நாடகத்துக்கு 2, புனைகதைக்கு 3. ஆசிரியருக்கு அவர் பிறந்த ஆண்டே எண்: 1800களுக்கு எம் என்ற எழுத்து, 1900களுக்கு என். 1882இல் பிறந்த பாரதியின் கவிதை ஓ31,1எம்82 என்றாகும். 1906இல் பிறந்த புதுமைப்பித்தனின் கதைகள் ஓ31,3என்06.

இதனால் ஆய்வாளருக்கு விளையும் நன்மை பெரிது. தமிழ்க் கவிஞர்கள் அகரவரிசையில் சிதறாமல் பிறந்த ஆண்டின் வரிசையில் நிற்கிறார்கள். அடுக்கின் ஓரமாக நடந்தாலே இலக்கிய வரலாறு கண்ணில் படும். ஒரு கவிஞரைத் தேடிப் போனவர் அவர் தலைமுறையைச் சேர்ந்த, பெயரே கேள்விப்படாத இன்னும் நால்வரைக் கண்டுகொள்வார். தேடும் பொருள் நடுவிலும், அதனோடு நெருங்கியவை இருபுறமும், விலகியவை அவற்றுக்கு அப்பாலும் அமைவதே நல்ல அடுக்கு என்பது அரங்கநாதனின் கோட்பாடு. பிறந்த ஆண்டு தெரியாத சங்கப் புலவர்களிடம் இந்த ஏற்பாடு முட்டுகிறது என்பது உண்மை. எண்கள் சிக்கலானவை என்பாரும் உண்டு. ஆனால் எண்ணைப் படிக்கப் பழகினால் அச்சிக்கல் குறையும். ஆறாம் பதிப்பு 1960இல் வந்தது. அரங்கநாதன் 1972இல் மறைந்த பின் ஏழாம் பதிப்பு 1987இல் வெளியாயிற்று.

தேடும் வழி

எந்தப் பகுப்பும் ஒரு நூலை ஓரிடத்தில்தான் வைக்க முடியும். மானுடப்புலத் தலைப்போ ஓரிடத்தில் அடங்காது. சிதம்பரம் கோயிலை ஆராய்பவருக்குக் கட்டடக் கலை நூல் நுண்கலையில் கிடைக்கும், கல்வெட்டுச் செய்தி வரலாற்றில், தீட்சிதர் உரிமை வழக்குகள் சட்டத்தில். தேவாரத்தைச் சில நூலகர்கள் இலக்கியத்திலும் சிலர் சமயத்திலும் வைப்பார்கள். இரண்டு அடுக்கையும் பார்த்தாக வேண்டும். இச்சிதறலை ஈடுகட்ட அரங்கநாதன் வகுத்ததே சங்கிலி முறை அட்டவணை. நூலின் எண்ணில் உள்ள ஒவ்வொரு கண்ணிக்கும் தனித்தனி அட்டை எழுதப்படும். பாரதி கவிதைக்கு ‘பாரதி’, ‘கவிதை, தமிழ்’, ‘தமிழ் இலக்கியம்’, ‘இலக்கியம்’ என நான்கு அட்டைகள். எந்தச் சொல்லோடு வாசகர் இழுப்பறையைத் திறந்தாலும் உரிய எண்ணுக்கு வழி கிடைத்துவிடும்.

அடுக்குக்குப் போகுமுன் குறிப்புதவிப் பகுதியில் பார்க்க வேண்டியவை உண்டு. ஜான் மர்டாக் 1865இல் சென்னையில் வெளியிட்ட தமிழ் அச்சுநூற் பட்டியல், அதுவரை அச்சேறியவற்றைப் பொருள்வாரியாகத் தருகிறது. 1867ஆம் ஆண்டு அச்சகச் சட்டத்தின்படி மாகாண அரசு மூன்று மாதத்துக்கொரு முறை வெளியிட்ட நூற்பட்டியல்கள், மர்டாக் விட்ட இடத்திலிருந்து தொடர உதவும். பார்னெட்டும் போப்பும் தொகுத்த பிரிட்டிஷ் அருங்காட்சியகத் தமிழ் நூற்பட்டியல் 1909இல் வந்தது. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தது. சொல்லாய்வு அதிலிருந்தே தொடங்க வேண்டும். சமஸ்கிருதச் சுவடிகளுக்கு அதே பல்கலைக்கழகம் 1935இல் தொடங்கிய புதிய பேரட்டவணை இருக்கிறது.

பழைய தமிழ் நூலைக் கையில் எடுத்தவர் முகப்புப் பக்கத்தை நிதானமாகப் படிக்க வேண்டும். பலவற்றில் ஆங்கில ஆண்டு இராது; ‘பிரபவ வருஷம் தை மாதம்’ என்று மட்டும் இருக்கும். அறுபது ஆண்டுச் சுழற்சியில் பிரபவ 1867இலும் வரும், 1927இலும் வரும். அச்சகத்தின் பெயர், பதிப்பித்தவர், சாற்றுகவி தந்தவர் ஆகியோரைக் கொண்டே இரண்டில் எது என்று தீர்மானிக்க முடியும். மறுபதிப்பில் முதற்பதிப்பின் முகவுரை விடுபட்டிருக்கலாம், பாடம் திருத்தப்பட்டிருக்கலாம் என்பதால் கிடைத்த பதிப்புகள் அனைத்தையும் மேசையில் பரப்பி ஒப்பிடுவதே முறை. கையேடுகள் இதை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகின்றன. ஆய்வின் பாதி நாணயம் இதில்தான் இருக்கிறது.

சுவடி வேண்டுவோர் 1869இல் தோன்றிய அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தை நாடுவர். காலின் மெக்கன்சி திரட்டிய தென்னிந்திய ஊர் வரலாறுகள் அதன் கருவூலம். பல்கலைக்கழக நூலகக் கட்டடத்திலேயே பல காலம் அது இருந்ததால் அச்சு நூலையும் சுவடியையும் ஒரே நாளில் ஒப்பிட முடிந்தது. பின்னர் அது கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கு மாறியது.

தற்போதைய நிலை

இந்தியப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவை இப்போது டூயி முறையையே பின்பற்றுகின்றன. அட்டைப் பட்டியல்களின் இடத்தைக் கணினிப் பட்டியல் பிடித்துவிட்டது. ஆய்வேடுகள் சோத்கங்கா தளத்திலும், பழைய நூல்கள் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்திலும் கிடைக்கின்றன. தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் 1994 முதல் இயங்கி வருகிறது.