ஒன்றுக்கு என்ன விலை? கம்பம் பள்ளத்தாக்கின் விலைக் கணக்குகளும் அலகின் தேர்வும்

முக்கால் கிலோ ஏலக்காயின் விலை 1,800 ரூபாய் என்றால் ஒரு கிலோவின் விலை என்ன என்று வினவும்போது, 1,800-ஐ முக்காலால் பெருக்கி 1,350 என்று எழுதிவிட்டு, ஒரு கிலோ முக்கால் கிலோவைவிட மலிவாக இருப்பது எப்படி என்று ஒரு கணமும் ஐயுறாமல் அடுத்த கணக்குக்குப் போய்விடும் மாணவனை எல்லா உபாத்தியாயர்களும் அறிவார்கள். அவனுக்குப் பெருக்கல் தெரியும், வகுத்தலும் தெரியும், பின்னத்தால் வகுப்பதற்குத் தலைகீழாக்கிப் பெருக்க வேண்டும் என்ற சூத்திரமும் மனப்பாடம். ஆயினும் பிழைக்கிறான். இப்பிழைக்குக் காரணம் அவனுடைய மந்த புத்தி அன்று. ‘ஒன்று’ என்பதை முன்கூட்டியே நிச்சயிக்கப்பட்ட பொருளாக வைத்து, எந்த வினாவிலும் முதலில் அந்த ஒன்றின் விலையைக் கண்டே தீரவேண்டும் என்று அவனுக்குப் போதித்த முறையே காரணம் என்பதும், அலகு என்பது கணக்கிடுகிறவன் தன் சௌகரியத்துக்கேற்பத் தேர்ந்துகொள்வது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

இதே வினாவைப் போடிநாயக்கனூரில் ஒரு சில்லறை ஏலக்காய்க் கடையில் கேட்டால், கல்லாவில் இருப்பவர் காகிதத்தைத் தேடமாட்டார். “முக்காலுக்குப் பதினெட்டுன்னா காலுக்கு ஆறுண்ணே, கிலோவுக்கு இருபத்துநாலு” என்று, நூறுகளை உள்ளடக்கிய பேச்சிலேயே 2,400 என்ற விடையை அளித்துவிடுவார். அவர் பின்னத்தால் வகுக்கவில்லை என்பது கவனித்தற்குரியது. முக்காலை மூன்று கால்களாகப் பிரித்து, காலை அலகாகக் கொண்டு, மூன்றால் வகுத்து நான்கால் பெருக்குகிறார். ‘நான்கின்கீழ் மூன்றைத் தலைகீழாக்கிப் பெருக்கு’ என்று பாடநூல் சொல்லும் அதே கிரியைதான்; ஆனால் இங்கே ஒவ்வொரு படியும் தராசில் காட்டக்கூடிய ஒரு பொருளைக் குறிக்கிறது. ஆகையால் கடைக்காரர் 1,350 என்று சொல்வது அசம்பாவிதம்.

இந்த யுக்தி திண்ணைப் பள்ளிக்கூடங்களின் சொத்து. அங்கே பிள்ளைகள் எண்சுவடியை உரத்த குரலில் ஒப்பித்துப் பயின்றபோது, முழு எண்களின் வாய்பாட்டோடு முந்திரி, காணி, மா, மாகாணி, அரைக்கால், கால், அரை, முக்கால் ஆகிய கீழ்வாய் இலக்கங்களின் வாய்பாடுகளையும் சேர்த்தே பயின்றனர். முந்திரி 320-இல் ஒரு பங்கு. காணி 80-இல் ஒன்று. மா 20-இல் ஒன்று. வீசம் என்றும் வழங்கும் மாகாணி 16-இல் ஒன்று. முக்காலை முக்காலால் பெருக்கினால் அரையே மாகாணி என்று அன்றைய பிள்ளை சொல்லும். இன்றைய பிள்ளை பதினாறின்கீழ் ஒன்பது என்று எழுதுகிறது. இரண்டும் சரியே. ஆனால் முந்தைய விடையில் பின்னம் பங்குகளின் கூட்டாகவே நிற்கிறது: அரை ஒன்று, அதன்மேல் மாகாணி ஒன்று, அளந்து கொடுக்கலாம், விலையும் தனித்தனியே சொல்லலாம். முழுமைக்குச் சற்றே குறைந்த எதையும் இன்றளவும் ‘முக்காலே மூணு வீசம்’ என்று சொல்லும் தமிழர், தம்மை அறியாமலேயே பதினாறில் பதினைந்தைக் கூட்டிக் காட்டுகிறார்கள்.

பழைய நாணயமும் நிறையும் இந்த முறைக்கு இசைவாக அமைந்திருந்தன. ரூபாய்க்குப் பதினாறு அணா ஆகையால் ஒரு மாகாணி ரூபாயே ஓர் அணா. வீசைக்கு நாற்பது பலம் ஆகையால், வீசை ஐந்து ரூபாய் விற்கும் சரக்கு பலம் இரண்டு அணா என்பது வாய்க்கணக்கு. 1957 ஏப்ரல் முதல் தேதியன்று நூறு பைசா கொண்ட ரூபாய் வழக்குக்கு வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் கிலோவும் லிட்டரும் கட்டாயமாயின. இந்த மாற்றத்தை நான் குறைகூறவில்லை. தசமம் பெரிய வசதி. எனினும் அணாவோடு வீசத்தின் வாய்பாடும் பள்ளியை விட்டு வெளியேற, பங்கு பிரித்து எண்ணும் பழக்கத்துக்குப் பாடத்திட்டத்தில் இடமில்லாமற்போனதும், விகிதசமப் பாடத்தின் ‘ஓரலகு முறை’ ஒன்றே ராஜபாட்டையாகக் கருதப்பட்டதும் நஷ்டமே.

பழைய முறைக்கும் எல்லை உண்டு. அதை மறைத்து வாதிப்பது நேர்மையாகாது. முந்திரியின் 320 என்ற எண் இரண்டும் ஐந்தும் மட்டுமே பெருகி ஆனது. ஆகவே மூன்றில் ஒன்றையோ ஏழில் ஒன்றையோ இந்த இலக்கங்களால் மிச்சமின்றிச் சொல்ல இயலாது. மூன்றும் ஏழும் உள்ளே வருவது, முந்திரியினும் மிகச் சிறிய கீழ்முந்திரியை இருபத்தொரு கூறாக்கிய இம்மியில்தான். இம்மியைக் கொண்டு எந்தக் கடையில் வியாபாரம் நடத்துவது! ஏழு கிலோ பன்னீர் திராட்சை 500 ரூபாய் என்றால் 21 கிலோ என்ன விலை என்ற வினாவில் ஓரலகு முறையும் தடுமாறும்: கிலோ 71 ரூபாய் 43 பைசா என்று முடித்துக்கொண்டு 21-ஆல் பெருக்கினால், 1,500 ரூபாய்க்கு மேல் மூன்று பைசா எங்கிருந்தோ முளைக்கிறது. 21 என்பது ஏழின் மும்மடங்கு என்று கண்டவனுக்கு இந்தச் சங்கடமே இல்லை. ஏழு கிலோவே அவனுக்கு அலகு.

கி.பி. 499-இல் ஆரியபடர் விதித்த திரைராசிகம் இந்தத் தொல்லையை நீக்கும் பொதுவழி. பிரமாணம் (தெரிந்த அளவு), பலம் (அதன் விலை; நிறையாகிய பலம் அன்று), இச்சை (வேண்டிய அளவு) என்ற மூன்று ராசிகள் தரப்பட்டால், பலத்தை இச்சையால் முதலில் பெருக்கிப் பின்னரே பிரமாணத்தால் வகுக்க வேண்டும். 500-ஐ 21-ஆல் பெருக்க 10,500. ஏழால் வகுக்க 1,500. வகுத்தலைக் கடைசிக்குத் தள்ளியதில்தான் இதன் நுட்பம் இருக்கிறது: நடுவழியில் பின்னம் பிறக்காததால் பைசா சிதறுவதில்லை. ஓரலகு முறையோ முதலில் வகுப்பதால், அளவு விலையைச் சரியாக வகுக்காத போதெல்லாம் பின்னத்தை வலிய வரவழைக்கிறது.

அலகைத் தேர்வது கடைத்தெருவோடு முடிகிற விஷயமும் அன்று. கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலத்துக்கு நீர் தரும் முல்லைப் பெரியாற்றுக்காக, 1886 அக்டோபர் 29-இல் திருவிதாங்கூர் மகாராஜாவுக்கும் இந்தியா மந்திரிக்கும் இடையே ஏற்பட்ட 999 ஆண்டுக் குத்தகைப் பத்திரம் ஒரு விகிதசமக் கணக்கே. எண்ணாயிரம் ஏக்கருக்கு ஆண்டொன்றுக்கு நாற்பதாயிரம் ரூபாய். அதற்கு மேற்பட்ட நிலத்துக்கு ஏக்கருக்கு ஐந்து ரூபாய். ஏக்கரின் பின்னத்துக்கு அதே விகிதப்படி. பின்னம் வரும் என்று எதிர்பார்த்து, அதற்கும் வழிசொல்லி எழுதிய வக்கீல்களின் முன்யோசனை மெச்சத்தக்கது. 1970-இல் ஏக்கர் வீதம் முப்பது ரூபாயாக உயர்ந்தது; லோயர் கேம்ப் மின் நிலையத்தின் உற்பத்திக்கு, குறிப்பிட்ட அளவு வரை, ஒரு கிலோவாட்–ஆண்டுக்குப் பன்னிரண்டு ரூபாய் என்றும் விதிக்கப்பட்டது. கிலோவாட்–ஆண்டு என்பது 365-ஐ 24-ஆல் பெருக்கிய 8,760 யூனிட். இதை ஓரலகு முறைப்படி யூனிட்டுக்கு என்ன என்று பார்த்தால் 0.137 பைசா என்ற, மனத்தில் நிற்காத எண் கிடைக்கிறது. வினாவைத் திருப்பி, ஒரு பைசாவுக்கு எத்தனை யூனிட் என்று கேட்டாலோ, 8,760-ஐ 1,200-ஆல் வகுக்க 7.3 என்று துலக்கமாக வந்துவிடுகிறது. எதை ஒன்றாகக் கொள்வது என்ற தேர்வில்தான் கணக்கின் பாதி உயிர் இருக்கிறது.

இறுதியாக ஒன்று. எந்த விகிதக் கணக்கும், சரக்கின் ஒவ்வொரு பங்கும் மற்றொரு பங்கைப் போன்றதே என்று சொல்லாமலே அநுமானித்துக்கொள்கிறது. வியாபாரி அந்த அநுமானத்தையே முதலில் சோதிக்கிறான். ஏலக்காயைக் கிலோ கணக்கில் ஏலம் கேட்பவர்கள், ஒரு லிட்டர் காய் எத்தனை கிராம் நிற்கிறது என்ற லிட்டர் எடையையும் விசாரிப்பது இதனால்தான். 435 கிராம் நிற்கும் காயும் 385 கிராம் நிற்கும் காயும் கிலோ 2,400 ரூபாய் என்று ஒரே விலைக்குப் போனால், லிட்டருக்கு முன்னது 1,044 ரூபாய், பின்னது 924 ரூபாய் ஆகிறது. ஆனால் முன்னதில் விதை நிறைந்திருப்பதால் கிலோ விலையே ஒன்றாக நிற்பதில்லை. பச்சைக் காய் உலரும்போது எடை ஏறக்குறைய ஐந்தில் ஒன்றாகச் சுருங்கிவிடுவதால், தோட்டத்து எடையைக் கொண்டு சந்தை விலையைக் கணிப்பவனும் ஏமாறுவான். பாடநூலில் இத்தகைய வினா ஒன்றேனும் இருப்பின், விகிதசமம் எங்கே செல்லாது என்பதையும் மாணவன் அறிந்துகொள்வான்.

ஆகவே பாடத்திட்டம் வகுப்போருக்கு என் விண்ணப்பம் இதுதான்: ஆறாம் வகுப்பில் ஓரலகு முறையை நீக்க வேண்டாம், அதற்கு முன்னதாகப் பங்கு பிரிக்கும் முறைக்கு ஒரு வாரமும், அதற்குப் பின்னதாகத் திரைராசிகத்துக்கு ஒரு வாரமும் ஒதுக்குங்கள், ஒரே வினாவை மூன்று வழியிலும் செய்வித்து, எவ்வழி எளிது, ஏன் என்று மாணவனையே எழுதச் சொல்லுங்கள். தேனி மாவட்டத்து உபாத்தியாயர்களுக்கு வினாக்களை வெளியூரிலிருந்து தருவிக்க வேண்டிய அவசியம் இல்லை.